நீல அல்லியின் தலைப்பிரசவம்

ஊருக்கு ஒரு முட்டாள் என்றால் ஊர் சமாளித்துக்கொள்ளும். கோத்தகிரிக்கு மேலே, திலகவதி அம்மாளின் பங்களாவில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் ஒரே குடும்பம். சென்னியப்பன் மூத்தவர். மாதையன் அவர் தம்பி. பூவலிங்கம் இவர்களுடைய தங்கை ரங்காத்தாளைக் கட்டியவன். தோட்ட வேலை. பங்களாவுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் குடித்தனம்.

ரங்காத்தாள் மட்டும் புத்திசாலி என்று மூன்று பேரும் சொல்வார்கள். சொல்வது யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோம்பேறிகள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் கோளாறு. ரோஜாவுக்குத் தினமும் தண்ணீர் விடு என்றால் விடுவார்கள். கொட்டுகிற மழையிலும் ஒருவர் குடை பிடிக்க ஒருவர் ஊற்றுவார். இப்படியே ஊற்றி ஊற்றி, மலையில் இருந்த எஸ்டேட் எல்லாவற்றிலிருந்தும் துரத்தப்பட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த வீடும் போனால் ஒண்ட இடமில்லை. இது ஞாபகம் இருக்கட்டும்.

அம்மாள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையம் நர்சரியிலிருந்து ஒரு நீல அல்லி வாங்கிவந்து வாசல் தொட்டியில் விட்டிருந்தார். சூட்டில் வாழ்கிற ஜாதி. மலைக்குளிர் ஆகாது. ஐப்பசி கடைசியில் சென்னைக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினார். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்:

“பனி விழறதுக்குள்ளே அல்லியை வீட்டுக்குள்ளே வெச்சிடுங்க. உங்களுக்குக் குளிர்ந்தா அதுக்கும் குளிரும். வெயில் படணும். தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். இது இலை நடுவிலே குட்டி விடற ஜாதி. வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்குங்க. சித்திரையிலே நான் வரும்போது உயிரோட இருக்கணும். இல்லேன்னா மூட்டையைக் கட்டிடுங்க.”

கார் போயிற்று. மூவரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“பனி விழறதுக்குள்ளேன்னா எப்பண்ணா?” என்றான் மாதையன்.

“விழறதுக்கு முன்னாலடா.”

“விழப்போகுதுன்னு எப்படித் தெரியும்?”

சென்னியப்பன் யோசித்தார். “விழுந்தாத்தான் தெரியும்.”

“அப்ப விழட்டும்.”

இது தீர்ந்தது. அடுத்ததைப் பூவலிங்கம் தீர்த்தான். “நமக்குக் குளிர்ந்தா அதுக்குக் குளிருமாம். அப்ப நமக்குக் குளிரலைன்னா அதுக்கும் குளிராதல்ல, மச்சான்?”

மற்ற இருவரும் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

முதல் உறைபனி விழுந்த அன்று அடுப்பில் கரியைக் குவித்து, ஆளுக்கு இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு, வேர்த்துக் கொட்டப் படுத்தார்கள். அல்லி வெளியே கிடந்தது. விடிந்து பார்த்தால் தொட்டியில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. இலைகள் ஓரமெல்லாம் கருகிவிட்டன.

“யாரோ கம்பளியை விலக்கியிருக்கீங்க,” என்றார் சென்னியப்பன்.

பூவலிங்கம் தலையைக் குனிந்தான். “பாதம் மட்டுந்தான் மச்சான் வெளியே இருந்துச்சு. தாங்க முடியாத புழுக்கம்.”

“பாத்தியா? அதான் ஓரம் மட்டும் கருகியிருக்குது. நீ முழுசா விலக்கியிருந்தா செடியே போயிருக்கும்.”

பனி விழுந்தது தெரிந்துவிட்டதால் அல்லியை மண்சட்டியோடு தூக்கி, பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதில் வைத்துப் பங்களாவுக்குள் கொண்டுபோனார்கள். இலை மேலேயே குடியிருந்த தவளை ஒன்று தாவிக் குதித்துத் தொட்டியோரம் இருந்த கல்லுக்கடியில் புகுந்துகொண்டது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் படணும் என்றார் அம்மாள். வெயில் ஓரிடத்தில் நிற்கிறதா? காலையில் கிழக்கு ஜன்னல். அங்கே வைத்தார்கள். வெயில் நகர்ந்தது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்கள். மத்தியானம் கூடத்து நடுவில். சாயங்காலம் அம்மாளின் கட்டில் மேல். மேகம் மறைத்தால் அண்டாவோடு நின்றபடி காத்திருப்பார்கள். பாதித் தண்ணீர் தரையில். மீதி மெத்தையில்.

“தண்ணி வெதுவெதுப்பா இருக்குதா?” என்றார் சென்னியப்பன் ஒருநாள். மாதையன் விரலை விட்டான். விரல் மரத்துவிட்டது. உடனே அண்டாவைத் தூக்கி விறகடுப்பில் வைத்தான். விசிறிக்கொண்டே உட்கார்ந்தான்.

ரங்காத்தாள் உள்ளே வந்தாள். அண்டாவை எட்டிப் பார்த்தாள்.

“கீரையா? பருப்பு எங்கே?”

“பருப்பு தீந்துபோச்சே.”

“பருப்பில்லாம என்னத்தக் கடையறது? எறக்கி வைங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்.”

இறக்கி வைத்தான். கீரையில்லை, அல்லி என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பருப்பில்லாததால் செடி பிழைத்தது.

மார்கழி பிறந்தது. ஒரு காலையில் ரங்காத்தாள் அண்டா முன்னால் சம்மணம் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “பொண்ணு மாசமா இருக்கறா.”

மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஓர் இலையின் நடுவில், காம்பு சேருகிற தொப்புளில், சின்னதாய் ஒரு வீக்கம். அல்லியில் இந்த ஜாதி அப்படித்தான் பெருகும். இலையிலேயே குட்டி முளைக்கும். அது வேர் விட்டதும் கிள்ளித் தனியே நட வேண்டும். குட்டி விடுகிற ஜாதி என்று அம்மாள் சொல்லிவிட்டுத்தான் போனார். கூடவே இன்னொன்றும் சொன்னார். வீட்டுப் பொண்ணு மாதிரி.

“தலைப்பிரசவம்,” என்றார் சென்னியப்பன். முகம் மாறிவிட்டது.

“தலைப்பிரசவம் எங்கே நடக்கணும்?” ரங்காத்தாள் கேட்டாள். “நம்ம வீட்டிலேயா? ஊரு சிரிக்காது? அம்மா வீட்டிலல்ல நடக்கணும்?”

“அவளுக்கேது அம்மா வீடு?”

“மேட்டுப்பாளையம் நர்சரி.”

மறுக்க ஆளில்லை. ஆனால் வளைகாப்புப் போடாமல் எப்படி அனுப்புவது? போட்டார்கள். ரங்காத்தாள் கண்ணாடி வளையல்களை இலைக்காம்புகளில் பார்த்துப் பார்த்துக் கோத்தாள். மாதையன் சந்தனம் பூசினான். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. ஆளுக்கு ஒரு பிடி அண்டாவில் ஊட்டினார்கள். பூவலிங்கம் இரண்டு பிடி ஊட்டினான்.

“போதும் மாப்பிள்ளை, செரிக்காது,” என்றார் சென்னியப்பன்.

மறுநாள் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் அண்டாவைப் பார்த்தார். “லக்கேஜ் போடணும்.”

“லக்கேஜ் இல்லீங்க. பிள்ளைத்தாச்சி.”

கண்டக்டர் ரங்காத்தாளைப் பார்த்தார்.

“நான் இல்லீங்க, இவ,” என்று அவள் அண்டாவைக் காட்டினாள். வளையல் கிலுகிலுத்தது.

கண்டக்டர் அனுபவசாலி. மேலே எதுவும் கேட்காமல் பெண்கள் சீட்டைக் காட்டினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பூவலிங்கம் எழுந்து நின்று கத்தினான்: “டிரைவரண்ணா, மெதுவா! உள்ளே ஒரு உசிரு இருக்குது!”

பாதி வழியில் கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஏம்மா, பொண்ணுக்குப் புருஷன் வரலையா?”

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றவேயில்லை.

நர்சரிக்காரர் பெயர் மஸ்தான். பூந்தொட்டிகளுக்கு நடுவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ணைக் கூட்டியாந்திருக்கோமுங்க,” என்று சென்னியப்பன் அண்டாவை இறக்கினார்.

மஸ்தானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எனக்குப் பொண்ணே இல்லையே!”

“பெத்தவரே இப்படிச் சொல்லலாமுங்களா?” என்று ரங்காத்தாள் கண்ணைத் துடைத்தாள். “நிறைமாசத்திலே மலையேறி எறங்கி வந்திருக்கறா. வாம்மான்னு ஒரு வார்த்தை உண்டா?”

மஸ்தான் குனிந்து பார்த்தார். கருகிய இலை. வளையல். சந்தனம். மிதக்கிற எலுமிச்சஞ்சோறு. ஆனால் கிழங்கு கெட்டியாக இருந்தது. கீழே நல்ல வெயில். அவரிடம் வெதுவெதுப்பான தண்ணீர்த்தொட்டியும் இருந்தது. வாக்குவாதத்தைவிட இது சுலபம் என்று பட்டது. “சரி, வாம்மா,” என்றார் அண்டாவிடம்.

எல்லோரும் அழுதார்கள். “குழந்தைக்கு மூணு மாசம் ஆனதும் முறைப்படி கொண்டாந்து விட்ருங்க,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

சித்திரையில் அம்மாள் வந்தார். தொட்டி காலி. மெத்தையில் பாசி.

“அல்லி எங்கே?”

“அம்மா வீட்டுக்குப் போயிருக்குதுங்க.”

“யாரு?”

“அல்லிங்க. பிரசவத்துக்கு.”

முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. ஆகவே சுருக்கமாகச் சொன்னார்: “மூட்டையைக் கட்டுங்க.”

கட்டினார்கள். பாத்திரம், பாய், கம்பளி, அடுப்புக்கரி எல்லாம் கட்டினார்கள். கட்டிய மூட்டைகளை முற்றத்தில் போட்டு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். ரங்காத்தாள் விசும்பினாள். பொழுது சாய்ந்தது. அம்மாள் வெளியே வந்து, “இன்னுமா இருக்கீங்க?” என்றார்.

“கட்டத்தானுங்க சொன்னீங்க,” என்றார் சென்னியப்பன். “தூக்கச் சொல்லலை.”

தூக்குங்கள் என்று சொல்ல அம்மாள் வாயைத் திறந்த அந்த நேரம் ஒரு மினிவேன் திணறிக்கொண்டு மேடேறி வந்து நின்றது. மஸ்தான் இறங்கினார். பின்னால் பெரிய டப்பில் நீல அல்லி, உள்ளங்கை அகலப் பூக்களோடு. சுற்றிலும் சின்னச் சின்ன டப்பாக்களில் அல்லிக் குட்டிகள். காம்புகளில் வளையல்கள் அப்படியே.

“கொஞ்சம் தாமதமாயிடுச்சு,” என்றார் மஸ்தான். “தாயும் பிள்ளைகளும் நல்லா இருக்காங்க.” ஒரு மூட்டை ஆட்டெருவையும் இறக்கினார். “சீரு.”

அந்தப் பனியில் மலையில் அல்லி வைத்திருந்த யார் வீட்டிலும் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அம்மாள் குட்டிகளைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தார்.

“மூட்டையை அவிழுங்க,” என்றார் கடைசியில்.

அடுத்த ஐப்பசியில் சென்னைக்குக் கிளம்பும்போது அம்மாள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். வெயில், தண்ணீர் என்று எதையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “போன வருஷம் மாதிரியே எல்லாம் முறைப்படி செய்யுங்க. முறை தப்பினா வீட்டைக் காலி பண்ணணும்.”

முறை தப்புவார்களா? மார்கழியில் இலையின் தொப்புள் வீங்கியது. பூவலிங்கம் அண்டாவைக் கழுவி எடுத்துவந்தான். ரங்காத்தாள் தடுத்தாள்.

“எங்கே கெளம்பிட்டீங்க? தலைப்பிரசவந்தான் அம்மா வீடு. ரெண்டாவது பிரசவம்னா புருஷன் வீட்டிலே.”

கண்டக்டரின் கேள்வி எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மறுபடி தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ராப்பகலா அவ இலையிலே உக்காந்திருந்தது யாரு?” என்றார் சென்னியப்பன்.

“தவளை,” என்றான் மாதையன்.

“அன்னிக்கு அவளை வீட்டுக்குள்ளே தூக்கினப்போ கல்லுக்கடியிலே ஓடி ஒளிஞ்சானே, ஏன் ஒளியணும்? தப்புப் பண்ணாதவன் ஒளிவானா?”

“அடப்பாவி!” என்று மாதையன் ஒரு கம்பை எடுத்தான்.

பூவலிங்கம் கையைப் பிடித்துக்கொண்டான். வீட்டு மாப்பிள்ளை, அவனுக்குத்தான் இந்த விஷயம் தெரியும். “கம்பைப் போடு மச்சான். மாப்பிள்ளைன்னு ஆனதுக்கப்புறம் மரியாதை கொடுக்கணும். வெத்தலை பாக்கு வெச்சுத்தான் பேசணும்.”

கருகக் கருகப் பனி விழுகிறது. அல்லி இருக்கிற அண்டாவுக்குக் கம்பளி போர்த்திப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமுமாக நால்வரும் அந்தக் கல்லுக்கு முன்னால் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். தவளை வெளியே வரவில்லை.

“வராது,” என்கிறான் பூவலிங்கம். “கல்யாணத்தன்னிக்கு எனக்கே நீங்க மோதிரம் போட்டப்புறந்தானே நான் காரைவிட்டு எறங்கினேன்.”

மாதையன் எழுந்து கோத்தகிரிக்குக் கிளம்புகிறான். தவளை விரல் அளவுக்கு மோதிரம் கிடைக்குமா என்று கேட்டு வர.