படலை அவிழ்த்த செந்நாய்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, மிருகம் பேசினால் மனுசன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போன காலத்தில், தேக்கமலை நாடு என்றொரு நாடு இருந்தது. நாட்டின் ஒரு பக்கம் முழுக்கக் காடு. காட்டோரத்தில் ஆட்டுக்காரர்களின் பட்டிகள். காட்டுக்குள்ளே செந்நாய்கள்.

செந்நாய் என்றதும் உங்கள் தெருநாயை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது குரைக்காது, சீழ்க்கை அடிக்கும். ஒன்று அடித்தால் பத்து வரும். பத்து வந்தால் புலியே ஒதுங்கிப் போகும். அப்படிப்பட்ட காட்டோரத்தில் எப்படி ஆடு வளர்த்தார்கள் என்கிறீர்களா? அதற்கொரு ஏற்பாடு இருந்தது. செந்நாய்கள் மான் அடித்துப் போட்டிருப்பதைக் கண்டால் ஆட்டுக்காரர்கள் கிட்டே போய் உரக்கச் சொல்வார்கள்:

"வேட்டை உங்களது! பாதி உங்களுக்கு, பாதி எங்களுக்கு! பட்டிப் பக்கம் வராதீங்க!"

நாய்கள் விலகி நிற்கும். இவர்கள் பாதியை அறுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டு வருவார்கள். எந்தக் காலத்திலும் ஒரு செந்நாய் பட்டிக்குள் கால் வைத்ததில்லை.

அந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டவன் மாதையன். நம்ம கதையின் பொம்மி இருக்கிறாளே, அவள் புருசன். ஆள் நல்லவன்தான். யார் போட்ட முடிச்சும் அவன் கை பட்டால் நாய்வால் மாதிரி ஆடி அவிழ்ந்துவிடும். ஆனால் வீராப்பு ஜாஸ்தி. தங்கச்சி கல்யாணத்தில் கறி பத்தவில்லை என்று எவனாவது சொல்லிவிட்டால்? கல்யாணத்துக்கு முதல் நாள், செந்நாய்கள் அடித்த புள்ளிமான் ஒன்று கண்ணில் பட்டது. சொல்ல வேண்டியதைச் சொன்னான். நாய்கள் விலகின. மானை முழுசாகத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

"என்ன மாமா, முழு மானா இருக்கு?" என்றாள் பொம்மி.

"நாய்க்குக் காட்டுல வேற கிடைக்காதா? சும்மா இரு புள்ள."

கல்யாணம் ஜோராக நடந்தது. மறுநாள் விறகுக்குப் போன மாதையன் திரும்பவே இல்லை. தலைப்பாகைத் துணி மட்டும் முள்ளில் மாட்டிக் கிடந்தது. புலி அடித்திருக்கும் என்றார்கள். பொம்மி அழுதாள். எத்தனை நாள்தான் அழுவது? ஆடுகள் கத்துமே! எழுந்து மேய்ச்சலுக்கு ஓட்டினாள். இப்போது அவளுக்கென்று இருந்தவை அந்த ஆடுகள்தான்.

அப்புறம்தான் ஆரம்பித்தது வினை. ஒரு விடியலில் அவள் பட்டியில் இரண்டு குட்டிகளைக் காணோம். பக்கத்துப் பட்டியில் ஒரு கிடா. அதற்கடுத்த பட்டியில் சினை ஆடு. மண்ணெல்லாம் செந்நாயின் கால் தடம். ஆனால் வாசலை அடைக்கும் மூங்கில் படல் எங்கேயும் உடையவில்லை. கட்டிய கயிறும் அறுபடவில்லை. முடிச்சு மட்டும் அழகாக அவிழ்ந்து கிடந்தது.

சங்கதி அரண்மனைக்குப் போயிற்று. ராசாவுக்கு மூக்கு நுனியில் கோபம். "காட்டில் ஒரு செந்நாய் மிஞ்சக்கூடாது!" என்றார். கரியாண்டி என்ற மந்திரவாதி பச்சைப் பொடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைத் தடவிய கறியின் வாசனைக்குக் காட்டிலுள்ள அத்தனை செந்நாயும் ஓடிவருமாம். தின்றது தின்ற இடத்திலேயே சாம்பலாகுமாம். நாளை மறுநாள் உச்சிப்பொழுதில் சுனைக்கரையில் கறி வைப்பதாகத் தண்டோரா போட்டார்கள். ஆட்டுக்காரர்களுக்கு அப்பாடா என்றிருந்தது.

பொம்மிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. நாய்க்கு முடிச்சு அவிழ்க்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தண்டோரா போட்ட மறுநாள் விடியலிலேயே அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆடுகளுக்கு நடுவே கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பொம்மி, கையில் ஈட்டி. கிழக்கு வெளுக்கும் நேரம் படலுக்கு வெளியே ஒரு செந்நாய் வந்து நின்றது. குதிக்கவில்லை, முட்டவில்லை. கயிற்றின் சரியான நுனியைப் பல்லால் கவ்வி, இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரே இழு. முடிச்சு பொசுக்கென்று அவிழ்ந்தது.

மாதையன் இடது கைக்காரன். அவன் இழுக்கிற இழுப்பு அதுதான்.

"மாமா?" என்றாள் பொம்மி.

நாயின் காது மடங்கியது. அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே பால் ஆட்டின் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடியது. பாவி! ஓங்கிய ஈட்டியை அவளால் எறிய முடியவில்லை.

ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொம்மி காட்டுக்குள் ஓடினாள். பாறைக் குகை வாசலில் கூட்டம் நின்றது. கூட்டத்துத் தாய்நாய், கரிய வால்காரி, முன்னால் வந்து வழியை மறித்தது.

"ஏ புள்ள, அந்த ஈட்டி யாருக்கு?"

"என் புருசனை நாயாக்கினது யாரோ, அவங்களுக்கு!"

"நான்தான். மழையில்லாத வருசம், நாள் கணக்கா அலைஞ்சு அடிச்ச ஒரே மான் அது. அவன் முழுசாத் தூக்கிட்டுப் போனான். என் மூணு குட்டி பசியில செத்துப் போச்சு. 'எங்க பசியில நீ வாழ்ந்து பாருடா'ன்னு சபிச்சேன். பசியோட இருக்கும்போது கறியைத் திங்காம என்னைக்கு விட்டுட்டு வர்றானோ, அன்னைக்குத் தோல் கழண்டுரும்." தாய்நாய் பெருமூச்சு விட்டது. "ஆனா என் சாபம் எனக்கே திரும்பிருச்சு. எங்களுக்குப் பட்டிக்கு வழி தெரியாது. இவனுக்குத் தெரியுதே! இங்கயும் குட்டிகளை உறுமித் தள்ளிட்டு இவன்தான் முதல்ல திங்கிறான். இப்ப குட்டிகளும் இவன் பின்னால பட்டிக்கு வரப் பாக்குதுங்க. வேணும்னா இவனைக் கொன்னுக்கோ. என் குட்டிகளை விட்டுரு."

பொம்மி ஈட்டியைக் கீழே இறக்கினாள். "கொல்ல மாட்டேன். படலைத் திறக்கவும் மாட்டேன். ராசா நாளைக்குச் சுனைக்கரையில மந்திரக் கறி வைக்கிறார், அந்தப் பக்கம் வந்துராதீங்க."

வீட்டுக்கு வந்தாள். தன் தலைமுடியைப் பின்னி முடிகிற மாதிரி கயிற்றை மூன்று புரியாகப் பின்னி, நுனியை உள்ளே விட்டு, புதுசாக ஒரு முடிச்சுப் போட்டாள். பட்டி பட்டியாகப் போய்ப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியலில் அந்த நாய் வந்தது. நுனியைத் தேடியது, கிடைக்கவில்லை. இடது பக்கம் இழுத்தது, வலது பக்கம் இழுத்தது, முடிச்சு விடவில்லை. எல்லாப் பட்டிக்கும் போய்விட்டு வெறும் வயிற்றோடு திரும்பிவந்து, படலில் மூக்கை வைத்து அழுதது. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மியும் அழுதாள். கை கயிற்றுக்குப் போயிற்று. ஆடுகளைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"உன் பங்கு காட்டுல இருக்கு மாமா. போ!"

பொழுது ஏறியது. பொம்மி ஓட்டமும் நடையுமாகச் சுனைக்கரைக்குப் போய் ராசாவின் காலில் விழுந்தாள். "சாமி, பட்டிக்கு வந்தது ஒரே ஒரு நாய். மத்ததெல்லாம் ஒரு பாவமும் அறியாதது."

"எல்லாமே செவப்பு. எதை எதுன்னு கண்டுபிடிக்கிறது?" என்று எரிந்து விழுந்தார் ராசா. கரியாண்டி சிரித்தான். கறி ஏற்கனவே சுனைக்கரையில் கிடந்தது. காற்று வாசனையைக் காட்டுக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

சீழ்க்கை கேட்டது. வந்துவிட்டது கூட்டம். வாசனையில் கிறங்கி, வாயில் எச்சில் ஒழுக, தாய்நாய் கூட நிதானம் தப்பி ஓடிவந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் சின்னக் குட்டிகள்.

பொம்மி கத்தினாள்: "மாமா! வேட்டை உங்களது இல்லை! பாதி வேண்டாம், முழுசும் வேண்டாம்! தொடாதீங்க!"

ஒரு நாய் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. கறியின் மேல் ஏறி நின்று, பல்லைக் காட்டி, குட்டிகளைப் பார்த்து உறுமியது.

பொம்மி தலையில் அடித்துக்கொண்டாள். இதைத்தானே எப்போதும் செய்கிறான்! எல்லாம் எனக்கு, எல்லாம் எனக்கு! இப்போது குனியப் போகிறான், தின்னப் போகிறான், சாம்பலாகப் போகிறான்.

நாய் குனிந்தது. மோந்தது. விலா எலும்பெல்லாம் தெரிய வயிறு ஒட்டிக் கிடந்தது. தலையை நிமிர்த்திப் பொம்மியைப் பார்த்தது. தின்னவில்லை! ஒரு குட்டி காலுக்கடியில் நுழைந்தது. கழுத்தைக் கவ்வித் தூக்கி அப்பால் போட்டது. இன்னொன்று நுழைந்தது. அதையும் தூக்கிப் போட்டது. தாய்நாயே மேலே பாய்ந்து காதைக் கிழித்தும் நகரவில்லை. கடைசியில் காற்று திசை மாறியது. தாய்நாய்க்குப் புத்தி தெளிந்தது. ஒரே ஒரு சீழ்க்கை. கூட்டம் காட்டுக்குள் திரும்பியது.

அந்த நாயும் கறியை விட்டு இறங்கி, கூட்டத்தின் பின்னாலேயே பசியோடு நடந்தது. நாலெட்டு வைத்திருக்கும். முதுகில் தோல் வெடித்துக் கழன்று விழுந்தது. கிழிந்த காதோடு, எலும்பும் தோலுமாக மாதையன் மண்ணில் கிடந்தான்.

ராசா வாயைப் பிளந்தார். தன் பட்டுச் சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினார். நடந்ததையெல்லாம் பொம்மி சொல்லச் சொல்ல, கோபம் இறங்கி அவர் முகமே மாறிவிட்டது. கரியாண்டியின் பொடியும் கறியும் ஆழக் குழிக்குள் போயின. கரியாண்டி நாட்டை விட்டே போனான். மறுபடி தண்டோரா போட்டார்கள்: காட்டில் இருக்கிற செந்நாயை ஒருத்தரும் தொடக்கூடாது. பட்டிக்கு வருகிற செந்நாயை அடித்து விரட்டத் தடையில்லை. வேட்டையில் பாதிக்கு மேல் எடுப்பவன் ராசாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். படலைச் சரியாகக் கட்டாதவன் அரண்மனைக்கு வந்து அழவேண்டாம். போன ஆடுகளுக்கெல்லாம் அரண்மனை மந்தையிலிருந்து ஆடு வந்தது.

மாதையன் குளித்து, கஞ்சி குடித்து, தலை நிமிர்ந்தான். பொம்மி அவன் காதுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். அப்படியே அவன் தோளில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"பொம்மி, அது என்ன முடிச்சு? எனக்கும் சொல்லிக் குடேன்."

பொம்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் கேக்காதீங்க மாமா."

அவள் சொல்லவே இல்லை. தினமும் பொழுது சாய்ந்து வீடு வந்தால் மாதையன் படலுக்கு வெளியே நின்று, "பொம்மி, வந்துட்டேன், திற," என்று கூப்பிடுவான். அவளும் சிரித்துக்கொண்டே வந்து திறப்பாள். காட்டுக்குள்ளே எங்கேயோ ஒரு சீழ்க்கை கேட்கும். ஆடுகள் காதைத் தூக்கிக் கேட்டுவிட்டு மறுபடி அசைபோடும்.