தார்ப்பாய்க்குள் வெயில்

"திறங்கண்ணா," என்றாள் ரெஜினா.

சென்னிமலையின் கை வால்வின் மேல் இருந்தது. திருகவில்லை.

மொட்டைமாடியில், வெயிலில் தண்ணீர் காயவைக்கும் சோலார் ஹீட்டரின் சாய்ந்திருந்த இருபது கண்ணாடிக் குழாய்களின் மேல் நீலத் தார்ப்பாய் கிடந்தது. ரெஜினா அதன் ஓரத்தைத் தூக்கி, குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புதிதாக மாட்டிய ரப்பர் வளையங்களைப் பார்க்கக் குனிந்தாள். அவள் முகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"தண்ணி ஏறும்போது எங்கயாவது கசியுதான்னு நான் பார்த்துக்கறேன். மெதுவா விடுங்க."

மணி பன்னிரண்டரை.

தனியாக அவர் கைக்கு வந்த முதல் வேலை அது. பஞ்சாலையை மூடிய பிறகு, ஐம்பத்து மூன்று வயதில் அவளிடம் தொழில் பழக வந்தவர். அவளுக்கு முப்பத்து நான்கு. முதல் நாளே அவள் சொன்னது, தண்ணீர் இல்லாத குழாயை வெயிலில் விடக்கூடாது. உள்கண்ணாடி அடுப்பாகக் காய்ந்துவிடும். அதில் பச்சைத்தண்ணீர் பட்டால் வெடித்துச் சிதறும். தொட்டுப் பார்த்தும் பயனில்லை. உள்கண்ணாடி, வெளிக்கண்ணாடி இரண்டுக்கும் நடுவில் காற்றுகூடக் கிடையாது. உள்ளே எத்தனை சூடானாலும் வெளியே சில்லென்றுதான் இருக்கும்; ஏறிய சூடு சீக்கிரத்தில் ஆறவும் ஆறாது.

ரப்பர் வளையங்களை மாற்ற, அன்று காலை ஒன்பது மணிக்கு டேங்க்கையும் குழாய்களையும் வடித்தார். பத்து மணிக்கு அவள் போனில் கேட்டாள்.

"போர்த்தியாச்சா அண்ணா?"

"வடிக்கும்போதே போர்த்தியாச்சுங்க மேடம்."

தார்ப்பாய் அப்போது வண்டிப் பெட்டிக்குள் கிடந்தது. நினைவு வந்து, மேலே கொண்டுவந்து விரித்தபோது மணி பன்னிரண்டு. அரைமணியில் அவளே வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கீழேயிருந்து வீட்டுக்காரம்மா பரிமளத்தின் குரல் வந்தது. "என்னங்க, தண்ணி விட்டாச்சா இல்லியா? மூணு மணிக்கு எம்மக பச்சக்கொழந்தையோட வந்துருவா. நரச்ச தலையா அனுப்பியிருக்காங்களே, சட்டுனு முடிச்சிருவாருன்னு பார்த்தேன்!"

ரெஜினா சிரித்தாள். "கேட்டீங்களா? நான் வந்தா, ஆம்பள ஆரும் வரலியாம்பாங்க. உங்க நரைக்கு இருக்கற மரியாதையைப் பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம்."

"ஏன்?"

"தண்ணி தெறிக்குமுங்க."

"தெறிக்கட்டும். இந்த வெயிலுக்குக் குளிச்ச மாதிரி இருக்கும்."

"முகத்தையாச்சும் தள்ளி வெச்சுக்குங்க."

"தள்ளி வெச்சா கசிவு எப்படித் தெரியும்? விடுங்கண்ணா, நேரமாகுது."

அவர் வால்வைத் திருகுவதுபோலக் கையை மட்டும் அசைத்தார்.

"இறுகிக் கெடக்குதுங்க."

"நகருங்க, நான் பார்க்கறேன்."

அவள் எழுந்து வந்து வால்வைப் பிடித்தாள். அது இறுகியிருக்கவில்லை. விரல் பட்டதுமே அசைந்தது. டேங்க்குக்குப் போகும் பைப்புக்குள் எங்கோ தண்ணீர் கொர்ரென்று நகர்ந்தது.

சென்னிமலை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"வேண்டாங்க."

அவள் பார்த்தாள்.

"பன்னெண்டு மணிக்குத்தான் போர்த்துனேன். அதுவரைக்கும் வெயில்லதான் கெடந்துச்சுங்க."

அவள் வால்வை மூடினாள். ஒரு கால் சுற்றுதான் திறந்திருந்தது. அவர் கையை விட்டதும், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"கீழ சொல்லுங்க," என்றாள்.

அவர் கைப்பிடிச் சுவரருகே போனார். "அம்மா, இன்னைக்குத் தண்ணி விட முடியாதுங்க. விட்டா குழாய் வெடிச்சிரும். நாளைக்கு விடியறதுக்குள்ள வந்து விட்டுத் தர்றோம். என் தப்புதானுங்க. போர்த்தாம வெயில்ல போட்டுட்டேன்."

பரிமளம் வைதாள். பச்சக்கொழந்தைக்கு நான் அடுப்புலதான் தண்ணி காய வெக்கணுமா என்றாள். இந்த வயசுல பழகறதுக்கு எங்க ஊடுதான் கெடச்சுதா என்றாள். அவள் முடித்து உள்ளே போகும்வரை அவர் நகரவில்லை.

திரும்பி வந்தபோது ரெஜினா ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"என்ன?"

"நான் போர்த்தலைன்னு."

"தெரியாது."

"சந்தேகங்கூட வரலீங்களா? வந்ததும் குழாயத் தொட்டுப் பார்த்தீங்களே?"

"தொட்டேன். சில்லுன்னு இருந்துச்சு."

"அதுல என்னங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் எத நம்பி மூஞ்சிய அவ்வளவு கிட்டக் கொண்டுபோனீங்க?"

அவள் பையின் ஜிப்பை இழுத்தாள்.

"நீங்கதான போர்த்தியாச்சுன்னு சொன்னீங்க அண்ணா."

காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை மேலெழுந்தது. சென்னிமலை அவள் குனிந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.