நாச்சிமுத்து தூங்கிய படங்கள்

சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. ஐம்பத்தொரு வயதில் இப்படி எரியக்கூடாதுதான். ஆனால் எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு தையல் மிஷின் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் படம் போடுவார்கள். சண்டை, பாட்டு ஒன்றும் இருக்காது. ஒரு பெண் பத்து நிமிடம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு திறக்காது. நமக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த மாதிரிப் படங்கள்.

போடுகிறவர் ஜெசிந்தா. சினிமாவுக்கு ஒலி அமைப்பவர். சென்னியப்பனைவிடப் பதினாலு வயது சின்னவர். இருந்தாலும் இவர் வாய் நிறைய 'வாத்தியாரம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

படம் முடிந்ததும் வாத்தியாரம்மா ஒரே ஒருவரிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"என்ன கேட்டுச்சு?"

முன்பெல்லாம் அது சென்னியப்பனிடம்தான். இப்போது நாலு மாதமாக நாச்சிமுத்துவிடம். பஞ்சு மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற மனுசன். வந்து உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் குறட்டை. அவரிடம் போய் என்ன கேட்டுச்சு என்றால்?

"அமுக்குவான் வந்துட்டானுங்க," என்பார் நாச்சிமுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நெஞ்சு மேல ஏறி உக்காந்துட்டான். கை கால் அசையல. காதுக்குள்ள மட்டும் மிஷின் ஓடுற சத்தமுங்க."

தூக்கத்தில் ஆளை அமுக்குகிற அந்தப் பேயின் கதையை வாத்தியாரம்மா கண் கொட்டாமல் கேட்பார். அவர் எடுக்கப்போகிற படமே அமுக்குவானைப் பற்றியது. அதற்கு இசை தான்தான் என்று சென்னியப்பன் ரெண்டு வருடமாகக் கீபோர்டும் கையுமாகக் கிடந்தார். வீட்டில் யாரும் கீபோர்டு இருக்கிற அறைப் பக்கம் போவதில்லை.

ஒரு ஞாயிறு வாத்தியாரம்மா சொன்னார்: "இசைக்கு நாச்சிமுத்து அண்ணனையும் சேத்துக்கலாம்னு இருக்கேன்."

அவ்வளவுதான். அடுத்த வாரம் சென்னியப்பன் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தார். செல்போன் வெளிச்சத்தைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு நோட்டில் எழுதினார். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி.

எல்லோரும் இறங்கிப் போனதும் நோட்டை நீட்டினார்.

"நீங்களே படிச்சுப் பாருங்க வாத்தியாரம்மா. இந்தாளு படம் பாக்க வரல. தூங்க வர்றாரு."

ஜெசிந்தா வாய்விட்டே படித்தார்.

"மூணு பதினேழு. தலை சாய்ந்தது. மூணு இருபத்திரண்டு. மூச்சு நீளுது, விடும்போது கடைசியில் சின்னதாக ஒரு விசில். மூணு நாற்பது. மூச்சு நின்னுபோச்சு. ஒன்பது எண்ணினேன். அப்புறம் தொண்டையில் ஒரு கரகரப்பு, சட்டியைக் கரண்டியால் வழிக்கிற மாதிரி. நாலு அஞ்சு. வலது சுண்டுவிரல் மட்டும் துடிக்குது..."

நாலு பக்கம் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தார்.

"இன்னைக்குப் படத்துல என்னண்ணா நடந்துச்சு?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஒரு வீடு வந்த ஞாபகம். வீடா, ஆஸ்பத்திரியா?

"தெரியலைங்க."

"உங்க கீபோர்டு இசையைக் கேட்டேன். அதுல ஒருத்தரும் தூங்கல. இந்த நோட்டுல ஒருத்தர் தூங்கறாரு."

"அப்படின்னா?"

"இதான் நான் தேடின இசை. நீங்களே பண்ணுங்க. அவரைச் சேக்கல."

ஆறு வருடம் காத்திருந்த வார்த்தை. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பாழாய்ப்போன மனசு ஆறவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. இத்தனை நாள் அவரைத் தலையில தூக்கி வச்சு ஆடுனீங்களே. எனக்கு இல்லாதது அவர்கிட்ட என்னங்க இருந்துச்சு?"

ஜெசிந்தா நோட்டைத் திருப்பி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"அவர்கிட்ட அமுக்குவான் இருந்தான். இங்க பாருங்க, மூணு நாற்பது. மூச்சு நின்னுபோச்சு. ஒன்பது எண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க."

"பத்து எண்ணியும் மூச்சு வரலைன்னா, எழுப்பியிருப்பீங்களா அண்ணா, எழுதியிருப்பீங்களா?"