ஒரு கொப்பு மறைக்கிறது

"ஆசான், இந்த மாசம் வந்த அறுபத்திரெண்டு படத்துல நாப்பத்தாறு கூடு. தும்பி இல்ல, பூ இல்ல, ஒரு ஓணான் கூட இல்ல. எல்லாருக்கும் என்ன வந்துச்சு?"

கேட்டவர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. பிழைப்புக்கு நில அளவை. மீதி நேரமெல்லாம் இணையத்தில் 'பொதிகைப் பச்சை' என்ற குழு. பதினோராயிரம் பேர் இருந்தார்கள். மாதாமாதம் அதில் இயற்கைப் புகைப்படப் போட்டி. தொழில்முறை ஆட்களுக்கு அனுமதி கிடையாது. போட்டியை நடத்துவதும் அவரே, நடுவரும் அவரே.

கேட்கப்பட்டவள் மெஹர்பானு. அவரைவிடப் பதினாறு வயது சின்னவள். கடையநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸும் பாஸ்போர்ட் போட்டோவுமாக ஒரு கடை வைத்திருந்தாள். ஒரு காலத்தில் பறவைப் படங்களுக்குப் பெரிய விருதுகள் வாங்கியவள். இப்போது காமிராவைத் திருப்புவது மனித முகங்களுக்கு மட்டும்தான். ஏன் என்று கேட்டால் பதில் வராது.

படம் பார்க்கக் குற்றாலிங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். அதனால் ஆசான் என்பார். அவளுக்கு அது பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"போன மாசம் எதுக்குப் பரிசு குடுத்தீங்க?" என்றாள்.

"கூட்டுக்குத்தான்."

"பெறவு என்ன? எது ஜெயிக்கோ அதைத்தான அனுப்புவாங்க."

"அந்தப் படம் வேற மாதிரி ஆசான். நீங்க பாக்கணும்." போனை எடுத்து நீட்டினார். "ஞாயித்துக்கிழமை ஆண்டு விருது அறிவிக்கணும். இதுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன். உங்க வாயால ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டீங்கன்னா எனக்குத் திருப்தி."

மெஹர்பானு பார்த்தாள்.

கொண்டைக்குருவிக் கூடு. மூன்று குஞ்சுகள். அன்றைக்குத்தான் திறந்தது போன்ற கண்கள். மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தன. வாய்க்குள் இருந்த சிவப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"தாய் எங்க?" என்றாள்.

"இரைக்குப் போயிருக்கும்."

"எந்திரிங்க."

குற்றாலிங்கம் எழுந்தார். கடைவாசலில் தகரக் கூரையின் நிழலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவள் தரதரவென்று இழுத்துப் போய் ரோட்டோரம் போட்டாள். சித்திரை மாத நடுப்பகல்.

"இங்கன இருங்க. நான் கூப்பிடுத வரைக்கும்."

உள்ளே போய்விட்டாள். யாரோ ஒருவருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது.

குற்றாலிங்கம் உட்கார்ந்தார். ஆசான் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும்.

ஐந்து நிமிடத்தில் கழுத்து எரிந்தது. பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி, "என்ன சார், நேர்த்திக்கடனா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தாலுகா ஆபீஸில் நாளைக்கு இது எப்படியெல்லாம் பேசப்படும் என்று நினைத்ததில் முகமும் சேர்ந்து எரிந்தது.

எழுந்து போயிருக்கலாம். வீம்புக்கு உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்து மெஹர்பானு வாசலுக்கு வந்தாள்.

"வெளிச்சம் எப்படி அண்ணாச்சி?"

"நல்ல வெளிச்சம்," என்றார். நான்கு வருடம் நடுவராக இருந்த வாய். தானாக வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவர் வாயும் பிளந்துதான் இருந்தது. காற்றுக்காக.

போனைத் திரும்ப எடுத்தார். வெயிலில் திரை மங்கலாகத் தெரிந்தது. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். கூட்டின் மேல் ஒரு கிளை இல்லை, ஒரு இலை இல்லை. பக்கத்திலும் இல்லை. குஞ்சுகளின் முதுகில் இறகு இல்லை. வெறும் தோல்.

அந்தப் படத்துக்குக் கீழே 'பசியின் அழகு' என்று எழுதியிருந்தார். ஆயிரத்து இருநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"கூட்டை மறைச்ச கொப்பையெல்லாம் வெட்டியிருக்கு," என்றார்.

மெஹர்பானு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"படத்துக்காக வெட்டியிருக்கு ஆசான்! பச்சைக் குஞ்சை வெயில்ல போட்டு... இதை எடுத்து அனுப்புன பொம்பளைய நான் சும்மா விடப்போறதில்ல. பரிசைப் பிடுங்குதேன். குழுவை விட்டே தூக்குதேன். பதினோராயிரம் பேருக்கு முன்னால நாலு கேள்வி கேக்கலன்னா என் பேரு குற்றாலிங்கம் இல்ல."

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

"என்னத்தப் பாக்க?"

அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாற்காலியை நிழலுக்கு இழுத்துப்போனாள்.

---

படம் எடுத்தவளின் ஊர் கரையடியூர், பன்னிரண்டு கிலோமீட்டர். வழி நெடுக என்னென்ன கேட்பது என்று குற்றாலிங்கம் வண்டியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

படத்தை அனுப்பியவள் பெயர் இசக்கியம்மாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் வந்து நின்றவரை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. குழுவில் அவர் படம் இருந்ததே.

"சார்! நீங்களா! உள்ள வாங்க சார். ஐயோ, வீடு கிடக்க கிடையில..."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாயை விரித்தாள், பிறகு பாயைச் சுருட்டிவிட்டுப் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிவந்தாள். நன்னாரி சர்பத் கலந்தாள். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது.

சுவரில் சான்றிதழ் தொங்கியது. அவர் இணையத்தில் அனுப்பியதுதான். தென்காசி வரைக்கும் போய் அச்செடுத்துக் கண்ணாடி போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் வேறெந்தப் படமும் இல்லை, சாமி படம் கூட அடுத்த சுவரில்தான்.

"நான் அஞ்சாப்புக்கு மேல படிக்கல சார். என் பேரு போட்டு வந்த ஒரே காயிதம் இதுதான். ரேஷன் கார்டுல கூட அவுக பேருதான் மொதல்ல."

குற்றாலிங்கம் சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"அந்தக் கூடு எங்கம்மா?"

கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ஆளுயர மருதாணிச் செடி. தெற்குப் பக்கம் மட்டும், உச்சியில் இருந்தே கதவு வைத்த மாதிரி ஒரு திறப்பு. வெட்டிய இடங்கள் காய்ந்து கறுத்திருந்தன. உள்ளே கூடு இருந்தது. வெளுத்துப்போய், ஒரு பக்கம் பிய்ந்திருந்தது.

"குஞ்சுக?"

"பறந்துட்டு சார்."

"எப்போ?"

"கண்ணு தொறந்த அன்னைக்குப் படம் எடுத்தேன். மறுநா காலைல பாத்தா ஒண்ணையும் காணும். அம்புட்டு சுறுக்கா வளந்துட்டு பாருங்க." சந்தோஷமாகச் சொன்னாள்.

கண் திறந்த குஞ்சு பறக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும். இதைக் குழுவில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு காக்காய்க்கு அந்தத் திறப்பு போதும். காக்காய் வராவிட்டாலும் அந்த வெயில் போதும்.

"கொப்பை வெட்டணும்னு யாரும்மா உனக்குச் சொன்னா?"

இசக்கியம்மாள் வெட்கத்தோடு சிரித்தாள்.

"நீங்கதான் சார்."

"நானா?"

"மறந்துட்டியளா?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்துத் தனியாக வைத்திருந்தாள்.

போட்டிக்கு அவள் முதலில் அனுப்பிய படம் அது. இலைகளுக்கு நடுவே பாதிக் கூடு. ஒரு குஞ்சின் அலகு மட்டும் தெரிந்தது. மேலே கொப்பில் தாய் உட்கார்ந்திருந்தது.

அதற்குக் கீழே குற்றாலிங்கத்தின் கருத்து. வருகிற எல்லாப் படத்துக்கும் ஒரு வரியாவது எழுதுவார். புதியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. மாதம் முடிவதற்குள் ஒருமுறை படத்தை மாற்றி அனுப்பலாம் என்ற விதியையும் அதற்காகவே வைத்திருந்தார்.

'அருமையான முயற்சி. ஒரு கொப்பு மறைக்கிறது. வெளிச்சமும் போதவில்லை. இந்த இரண்டும் சரியாக இருந்திருந்தால் முதல் பரிசு உங்களுக்குத்தான்.'

குற்றாலிங்கம் அதைப் படித்தார். எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

"நீங்க எழுதுன அன்னைக்கே அருவாள எடுத்துட்டேன் சார்," என்றாள் இசக்கியம்மாள். "பெறவு உச்சி வெயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்து எடுத்தேன். ரெண்டு மணி நேரம் நின்னேன். அந்தத் தாய்க்குருவி சுத்திச் சுத்தி வந்து கத்திக்கிட்டே கிடந்துச்சு. நான் அசையலியே!"

சர்பத் டம்ளரை அவர் தரையில் வைத்தார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்துவிட்டு அவள் சிரிப்பு நின்றது.

"சார், குஞ்சுக பறந்துதான இருக்கும்?"

அவர் சுவர்ப் பக்கம் பார்த்தார். ஜன்னல் வழியே அந்தச் சான்றிதழின் கண்ணாடி தெரிந்தது.

"ஆமாம்மா," என்றார். "பறந்திருக்கும்."

அவள் முகம் மறுபடி மலர்ந்தது. வாசல் வரைக்கும் வந்தாள்.

"ஓடைக்கரையில இன்னொரு கூடு பாத்து வச்சிருக்கேன் சார். தவிட்டுக்குருவி. நேத்துதான் பொரிச்சிருக்கு. ஏகப்பட்ட கொப்பு மறைக்குது. நாளைக்கு வெயில் ஏறவும் போயி எடுத்துருவேன்."

குற்றாலிங்கம் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

---

வெயில் தாழ்ந்திருந்தது. மெஹர்பானு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"யாரைத் தூக்கப் போறீங்க?"

"என்னைத்தான் தூக்கணும்."

பெருக்குவதை அவள் நிறுத்தவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். மருதாணிச் செடி, அரிவாள், கத்திக்கொண்டே இருந்த குருவி. தான் எழுதிய வரியை மட்டும் சொல்ல முடியாமல் போனைக் காட்டினார். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லதுக்குத்தான் ஆசான் எழுதுனேன். அவுங்க கத்துக்கிடணும்னு."

"தெரியும்."

"நாலு வருஷமா எழுதுதேன். எத்தனை பேருக்கு, என்னென்ன எழுதுனேனோ."

அவள் குப்பையை வாரிக் கூடையில் போட்டாள்.

"அந்தம்மாகிட்ட சொன்னியளா?"

"இல்ல. பறந்திருக்கும்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அவர் தலை குனிந்திருந்தது. "சொன்னா நொறுங்கிப் போயிரும் ஆசான். சான்றிதழைச் சுவத்துல மாட்டி வச்சிருக்கு. சொல்ல மனசு வரல. இந்தப் பாரம் என்னோட போகட்டும். அந்தம்மாவாவது நிம்மதியா இருக்கட்டும்."

மெஹர்பானு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"பறந்திருக்கும்னு."

குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு ஆசான்?"

"எனக்கு மொதப் பரிசு குடுத்த நடுவர். ரொம்ப இரக்கமான மனுசன். எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. நான் அழுதுருவேன்னு நினைச்சிருப்பாரு."

"நீங்க நம்புனீங்களா?"

"ஒம்பது வருஷம்."

தெருவில் ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஒரு நா லென்ஸ் மூடிய ஒரு கூட்டுப் பக்கத்துல விட்டுட்டு வந்துட்டேன். சாயந்திரம் எடுக்கத் திரும்பிப் போனேன். கூட்டு மேல காக்கா உக்காந்திருந்துச்சு."

அவள் குப்பைக் கூடையை வாசலோரம் தள்ளி வைத்தாள்.

"அந்த ஒம்பது வருஷத்துல எத்தனை கூட்டைப் படம் எடுத்தேன்னு கேளுங்க அண்ணாச்சி," என்றாள். "கேளுங்க."

குற்றாலிங்கம் வண்டியைக் கரையடியூர்ப் பக்கம் திருப்பினார்.