மயில் சொன்ன ஒன்று, கொக்கு சொன்ன மூன்று

ஒரு காட்டில் கார்பன் குரங்குகளும் ஹைட்ரஜன் அணில்களும் இருந்தன. குரங்குக்குக் கையும் காலுமாக நான்கு பிடி. ஒரு பிடியும் சும்மா இருக்கக் கூடாது என்பது அவற்றின் குல வழக்கம்.

ஒருநாள் ஆற்றில் வெள்ளம் வந்தது. நான்கு குரங்குகள், இடையே மூன்று பிடிகளாக, வரிசையாகக் கோத்துக்கொண்டு, முனையில் இருந்தவை கரை மரங்களில் வாலைச் சுற்றி, பாலமாகத் தொங்கின. மீதிக் கைகால்களில் பிடிக்கு ஓர் அணிலாக எட்டு அணில்களை ஏந்தின. இரண்டு பிடிகள் மீந்தன. ஒரு மயில் நின்ற கரையோரத்து இரு குரங்குகள், வழக்கத்தை விடாமல், அவற்றைக் கொண்டு ஒன்றையொன்று இரட்டையாகப் பிடித்துக்கொண்டன. எங்கும் ஒற்றைப் பிடி என்றால் ஆல்கேன் கூட்டம். இப்படி இரட்டைப் பிடி வந்தால் ஆல்கீன் கூட்டம்.

அப்போது ஒரு மரத்தடி மிதந்து வந்து பாலத்துக்கு அடியில் சிக்கியது. அதன்மேல் வரிச்சி என்ற அணிலும் அதன் தங்கை முள்ளியும் கைகோத்து நின்றன. மரத்தடி மெல்ல மூழ்கியது.

"ஒன்றாம் பிடிக்கு ஓடுங்க! அதுதான் இரட்டைப் பிடி, அங்கேதான் இடம்!" என்றது மயில்.

"மூன்றாம் பிடிக்கு ஓடுங்க!" என்றது எதிர்க்கரையில் நின்ற ஒரு கொக்கு.

வரிச்சிக்குத் தலை சுற்றியது. கொக்கு சொன்ன மூன்றை மயில் பக்கமிருந்து எண்ணி ஓடியது.

"நாலும் நிறைஞ்சு போச்சு தாயி, போ!" என்றன அங்கிருந்த குரங்குகள்.

மயில் சொன்ன ஒன்றைக் கொக்குப் பக்கமிருந்து எண்ணியது. அட, அதே குரங்குகள்!

"அக்கா, தண்ணி வயித்துக்கு வந்துடுச்சு!" என்று அழுதது முள்ளி.

வரிச்சிக்கு ஆத்திரம் பொங்கியது. "எண்ணிக்கையை விடுங்க! இரட்டைப் பிடி யார் கரைக்குக் கிட்ட?"

"என் கரைக்கு" என்றது மயில். கொக்கும் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டது.

"கிட்ட இருக்கிறவங்க எண்ணுறதுதான் இனிமே கணக்கு!" என்றது வரிச்சி.

அக்காளும் தங்கையும் மயில் பக்கத்து ஒன்றாம் பிடிக்கு ஓடின. ஆனால் அந்த இறுக்கத்தைப் பார்த்ததும் வரிச்சிக்கு மீண்டும் குழப்பம். "இதையா விடுவீங்க?"

"ஒத்தைப் பிடியே எங்களுக்குப் போதும். இன்னொண்ணை விட்டுடுவோம். ஆனா ஆளுக்கு ஒருத்தர்தான். உங்க கைகோப்பை நீங்க விடணும்."

பிறந்தது முதல் விடாத கை அது. மரத்தடி நழுவியது. வரிச்சி கையை விட்டது.

மரத்தடி ஆற்றோடு போயிற்று. அக்கா ஒரு குரங்கின் கையிலும் தங்கை மறு குரங்கின் கையிலும் பத்திரமாக இருந்தன. ஆல்கீன் கூட்டம் ஆல்கேன் கூட்டமாயிற்று.

நீதி: எந்த முனையிலிருந்து எண்ணினோம் என்று சொல்லாவிட்டால், சரியான விடையும் ஆளை ஆற்றில் தள்ளும்.