யாரோ முழுங்கிய மூன்று சொட்டு

"நேத்து மத்தியானம் யாரோ மூணு சொட்டை முழுங்கியிருக்காங்க" என்றார் டாக்டர் ரெஜினா, வார்டுக்குள் நுழைந்ததுமே.

தங்கபுஷ்பம் மருந்து அட்டையை நீட்டினார். டாக்டரைவிடப் பத்து வயது மூத்தவர். நாற்பதில் நர்ஸ் பயிற்சிக்கு வந்தவர். கண்ணில் மணிக்கு ஒரு சொட்டு மருந்து. அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

ரெஜினா அட்டையை வாங்கவில்லை. "ரெண்டு நாளா என்னைக் கண்டாலே எரிஞ்சு விழுந்த மனுஷன், இன்னைக்கு வணக்கம் வைக்கிறார். நல்லாத் தூங்கின முகம் இது. நேத்து மத்தியானம் மூணு மணி நேரம் ஒரே குறட்டைன்னு வாசல்லயே சொன்னாங்க."

கட்டிலில் இருந்தவர் சொரிமுத்து, வாழைத்தார் மண்டிக்காரர். காய்ந்த சருகு அடித்துக் கருவிழி புண்ணாகி வந்தவர்.

"தூங்கினது குத்தமாம்மா? இந்த நர்ஸ் தங்கச்சிகிட்ட நான்தான் பேசி முடிச்சேன். சும்மா சும்மா எழுப்பாதே, எந்திரிச்சதும் மூணையும் சேர்த்து விட்டுக்கோன்னேன். லேசுல படியலை."

ரெஜினா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். "கடுகளவு இருந்த புண்ணு மிளகளவு ஆயிருக்கு. இன்னும் பரவினா பார்வை போயிடும்."

சொரிமுத்துவின் சிரிப்பு நின்றது.

"கையில ஊசியாப் போட்டா என்ன டாக்டர்?" என்றார் தங்கபுஷ்பம் மெல்ல. "இவ்வளவு பெரிய வியாதிக்கு வெறும் சொட்டு மருந்தா?"

ரெஜினா சொரிமுத்து பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, உங்க மண்டி வாசலுக்கு லாரி வருமா?"

"அந்தச் சந்துலயா? சைக்கிளே திணறும். முக்குல நிறுத்தித் தலைச்சுமையாத்தான் வரணும்."

"பெரிய லாரியா அனுப்பினா?"

"எவ்வளவு பெருசானாலும் முக்கோட சரி."

"கருவிழிக்குள்ள ரத்தம் போக வழி கிடையாதுக்கா" என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னார் ரெஜினா. "ஊசி மருந்தும் முக்குலயே நின்னுடும்." மறுபடி சொரிமுத்து பக்கம் திரும்பினார். "சுமைக்காரர் மூணு மணி நேரம் தூங்கிட்டு, மூணு தாரையும் ஒரே தலையில ஏத்திட்டு வந்தா?"

"ரெண்டு சாக்கடையில கிடக்கும். அவனை அன்னைக்கே நான்..."

சொரிமுத்துவின் கை கன்னத்துக்குப் போனது. நேற்று வழிந்த மருந்தைத் துடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

தங்கபுஷ்பம் அட்டையில் மூன்று கட்டங்களைப் பேனாவால் அடித்தார். மருந்துப் புட்டியைத் திறந்தார்.

கீழிமையைத் தானே இழுத்துப் பிடித்தபடி சொரிமுத்து செருமினார். "இனிமே ஒன்றரை மணிக்கு ஒரு தரம்னு முடிச்சுக்கலாமாம்மா?"

ரெஜினா வாசலில் நின்று திரும்பினார்.

"முழுங்கினது யாருன்னு நான் கேட்கலை. ஆனா அவங்களே மணிக்கு ஒண்ணா விட்டு, அந்த மிளகைத் திரும்பவும் கடுகாக்கி என் கையில தரணும்."