பருவதம் சொன்ன பேரு

மாப்ளே, போர்வையை இழுத்துக்கோ. காலை எம்மேல போடாத, போட்டா கதை நொண்டும். நான் சொல்லச் சொல்ல ‘ம்’ கொட்டணும். உன் ‘ம்’ நின்னா என் வண்டியும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு வாயாடி. சங்ககிரிக்கு அந்தப் பக்கம், வீட்டுக்கு வீடு லாரி நிக்கற ஊரு. அவ பேரு பருவதம். காக்கா மாதிரி கரைவா. கண்டக்டர் மாதிரி விசிலடிப்பா. மாமியா மாதிரி முனகுவா, அதுவும் மாமியா பக்கத்துலயே உக்காந்திருக்கும்போது! அவ வாயில வராத சத்தமே கிடையாது. ஒண்ணே ஒண்ணு தவிர.

ம்.

அந்த ஒண்ணு, அவ புருஷன் பேரு. அந்தக் காலத்துல புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லக்கூடாது மாப்ளே. சொன்னா அவனுக்கு ஆயுசு குறைஞ்சுருமாம். அவ மாமியா பெரியாத்தா கல்யாணத்தன்னிக்கே சொல்லிப்புட்டா: "இந்தா புள்ள, எம்மவன் பேரு உன் நாக்குல ஏறுச்சு, அப்புறம் உனக்கு இந்த வீட்டுல சோறு இறங்காது."

அவன் பேரு மயில்வாகனன். லாரி ஓட்டறவன். பம்பாய்க்குப் போனான்னா எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. ஊர்ல யாராச்சும் "உம் புருஷன் பேரென்ன புள்ள?"ன்னு கேட்டா, பருவதம் என்ன பண்ணுவா? ரெண்டு கையையும் பின்னால விரிப்பா. கழுத்தை இப்படி வெட்டுவா. "க்யாஆவ்! க்யாஆவ்!"னு கத்துவா. அப்புறம் எது மேலயோ ஏறி உக்கார்ற மாதிரி ஒரு குதி. கேட்டவங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "ஓ, மயில்வாகனனா!"ம்பாங்க. முடிஞ்சுது சோலி.

அப்போ ஊருக்கு போன் வந்துச்சு.

முதல் போனு கன்னங்கரேல்னு, எருமைக்கன்னு படுத்திருக்கற மாதிரி தபாலாபீஸ் மேசை மேல படுத்திருக்கும். வயித்துல வட்டமா ஓட்டை ஓட்டையா சக்கரம். விரலை விட்டுச் சுத்துனா கர்ர்ர்ருன்னு போகும், டகடகடகன்னு திரும்பி வரும். காதுல வெக்கற கொம்பு இருக்கே, அது அம்மிக்குழவி கனம். கை தவறுனா கால் விரல் காலி! மாமியா பெரியாத்தா அந்தப் பக்கமே போக மாட்டா. "கம்பி வழியா உசுரை உறிஞ்சுரும்"பா.

அப்போ பருவதம் முழுகாம இருந்தா. வயித்துல பாப்பா. அந்த நல்ல சேதியைப் புருஷன் காதுல மொதல்ல போடணும்னு, முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு தபாலாபீஸுக்குப் போனா. போஸ்ட்மாஸ்டர் புதுசா மாத்தலாகி வந்த ஆளு, பம்பாய் லாரி ஆபீஸுக்குப் போட்டுக் குடுத்தாரு. கொம்புக்குள்ள ஒரு அம்மா மூக்காலயே பேசுறா: "ஹலோ... ட்ரங் காஆல்... ஆள் பேரு சொல்லுங்கோ."

"எங்க வூட்டுக்காரருங்க."

"பேரு சொல்லுங்கோ."

பருவதம் யோசிச்சா. கொம்பைத் தோள்ல இடுக்குனா. ரெண்டு கையையும் பின்னால விரிச்சு, கழுத்தை வெட்டி, ஜம்முனு ஒரு குதி!

என்ன சிரிக்கற?

"போனுக்குத்தான் கண்ணு இல்லையே மாமா!"

அதான்டா! உனக்குத் தெரியுது, அவளுக்குத் தெரியல. குதிச்ச குதியில கொம்பு நழுவி டமார்! "லைன்ல ஆளே இல்ல"ன்னு அந்த மூக்கம்மா கட் பண்ணிட்டா. மயில்வாகனன் ஊருக்கு வந்தப்போ பொண்டாட்டி வயிறு பூசணிக்கா சைஸு. "ஏம்புள்ள, எனக்கு மட்டும் கடைசியாவா தெரியணும்?"னு மொகத்தைத் தொங்கப் போட்டான். 

ம்.

அப்புறம் பொண்ணு பொறந்தா, கோகிலா. அவ வளந்தா, போனும் வளந்துச்சு. மத்ததெல்லாம் வளந்தா பெருசாகும், இந்தப் போனு மட்டும் வளர வளரச் சின்னதாச்சு. சக்கரம் போயி பட்டன் வந்துச்சு. குயிங், குயிங், குயிங். கலர் வந்துச்சு, சிவப்பு, பச்சை, எல்லாம் கல்யாண வீட்டு கேசரி மாதிரி. கண்ணாடிக் கூண்டு ஒண்ணு கட்டி அதுக்குள்ள உக்கார வெச்சாங்க. அதுக்கு எஸ்டிடி பூத்துன்னு பேரு.

கோகிலாவுக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமைன்னு நாள் வெச்சாச்சு. அப்பன் மடியில உக்காந்துதான் குத்திக்குவேன்னு புள்ள ஒரே அழுகை. பருவதம் கூண்டுக்குள்ள நுழைஞ்சு பம்பாய்க்கு அமுக்குனா.

"யாரும்மா வேணும்?" லாரி ஆபீஸ் கிளார்க்கு, வெத்தலை மென்னுக்கிட்டே.

இந்தத் தடவை பருவதம் உஷாரு. கையை விரிக்கல, வாயை மட்டும் விரிச்சா. "க்யாஆவ்! க்யாஆவ்! அது மேல ஏறி வருவாருல்லங்க, சாமி, அவரு பேருங்க!"

கிளார்க்கு யோசிச்சான். மயில் மேல வர்ற சாமி முருகன். முருகன் கையில வேலு. "யேய் வேலுச்சாமி! உனக்குத்தாண்டா போனு!"

யாரோ ஒருத்தன் வந்து "அலோ"ன்னான். இங்கிருந்து பருவதம், மூச்சு விடாம, "ஏனுங்க, வெள்ளிக்கிழமை காதுகுத்துங்க, வெறுங்கையோட வராதீங்க, மறக்காம வந்துருங்க"ன்னு சொல்லிட்டு டக்குனு வெச்சுட்டா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. போன் வந்த ஊரை விசாரிச்சுக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறான் வேலுச்சாமி! அரும்பு மீசை, கையில தட்டு, தட்டு நிறைய பழம், வெத்தலைபாக்கு, ஒரு கவுனு. "கூப்ட்டீங்களேக்கா"ங்கறான். பாவம், அவனை இதுவரைக்கும் யாருமே எதுக்கும் கூப்பிட்டதில்லையாம். பெரியாத்தா, "யாருடி இவன், நம்ம சாதிசனத்துல இப்படி ஒரு மூஞ்சியே கிடையாதே"ன்னு தாவாக்கட்டையில கை வெக்கறா. மயில்வாகனன் எங்க? வரல. அவன் பம்பாய்ல டயர் மாத்திக்கிட்டு இருக்கான். புள்ள கோகிலா வேலுச்சாமி மடியில உக்காந்து, வீல்ல்ல்னு அழுது காது குத்திக்கிச்சு. பருவதம் அடுப்படியில போயி மூக்கைச் சிந்துனா. ரெண்டு தடவை தோத்தாச்சு மாப்ளே. பாழாப்போன ஒரு பேரு!

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. அப்புறம் போனு கம்பியை அத்துக்கிட்டு ஓடியாந்துச்சு. தலையில ஒத்தைக் கொம்பு, செங்கல் தினுசு. கீழ போட்டா போனு உடையாது, தரைதான் உடையும். அதுல பருவதத்துக்கு ஜாலி. ஒண்ணாம் நம்பரை அமுக்கிப் புடிச்சா புருஷன் வந்துருவான், பேரும் வேண்டாம் ஊரும் வேண்டாம். அந்தச் செங்கல் ஒரு நாள் கிரைண்டர்ல மாவோட மாவா விழுந்து, கடகட கடகட, கொழகொழ... போச்சு.

அப்போ கோகிலா வேலைக்குப் போயி முதல் சம்பளத்துல ஒரு போன் வாங்கியாந்தா. பட்டன் இல்ல, கொம்பு இல்ல, வெறும் கண்ணாடி. அப்பளம் மாதிரி. "தொட்டா போதும்மா. தொட முடியலைன்னா ஓரத்துல இருக்கற இந்தப் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, யாரு வேணுமோ அவங்க பேரைச் சொல்லு. அதுவே கூப்பிடும். அப்பாவைப் பேரு போட்டுத்தான் பதிஞ்சிருக்கேன்!"னு கண்ணடிச்சா. குசும்புக்காரி.

அப்புறம் வந்துச்சு பாரு ஒரு மழை! சோன்னு ஊத்துது. மத்தியான நேரம், பருவதமும் பெரியாத்தாவும் வாசல்ல காஞ்ச மிளகாயை அள்ளுறாங்க. அப்போ பால்காரர் சைக்கிள்ல பறந்து வர்றாரு. "யக்கா! தரைப்பாலம் நடுவுல பொத்துக்கிச்சு! மேல தண்ணி ஓடுது, ஓட்டையே தெரியல!"ன்னு கத்திட்டு அடுத்த வீட்டுக்குப் பறந்துட்டாரு.

பருவதம் அள்ளுன மிளகாயைக் கீழ போட்டா. மயில்வாகனன் பம்பாய்ல இருந்து திரும்பி, அந்த வழியாத்தான் சாப்பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கான். முழங்கால் தண்ணியில லாரியை விடறது அவனுக்குப் பாயசம் குடிக்கற மாதிரி.

ம்... ம்...

போனை எடுத்தா. கையெல்லாம் ஈரம், கண்ணாடியெல்லாம் ஈரம். தொட்டா வழுக்குது. இந்தப் பக்கம் தொட்டா கால்குலேட்டர் வருது, அந்தப் பக்கம் தொட்டா டார்ச்சு எரியுது. ஓரப் பட்டனை அமுக்குனா. போனு குயில் மாதிரி கேக்குது: "யாரை அழைக்கணும்?"

"எங்க வூட்டுக்காரரை!"

"அந்தப் பேரில் யாரும் இல்லை."

"க்யாஆவ்! க்யாஆவ்!"

"இதோ, பூனை வீடியோக்கள்."

"அட கருமமே! அத்தை, உங்க மவன்தானுங்களே, நீங்க சொல்லுங்க!"

உசுரை உறிஞ்சும்னு பயந்த பெரியாத்தா, மவனுக்காகப் போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டாந்தா. ஆனா பல் செட்டு உள்ள டம்ளர்ல கிடக்குது! "ழயிழ்ழாகழா!"ங்கறா. போனு, "மன்னிக்கவும், புரியவில்லை"ங்குது. பெரியாத்தா மருமகளைப் பாத்தா. கையில இருந்த மிளகாயை வீசி எறிஞ்சா. "என்ழடி பாக்கழே? சொழ்ழுடி! நாந்தான் சொழ்றேன், சொழ்ழுடி!"

அப்போ பருவதம் மூச்சை இழுத்தா. இத்தனை வருசமா வயித்துக்குள்ள அமுக்கி வெச்சிருந்த பேரு. மழைச் சத்தம், இடிச் சத்தம் எல்லாத்தையும் அமுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு:

"மயில்வாகனன்!"

தெருவே திரும்பிப் பாத்துச்சு. போனு, "மயில்வாகனனை அழைக்கிறேன்"னுச்சு. ட்ரிங்... ட்ரிங்...

"என்ன புள்ள, பாலத்துகிட்ட வந்துட்டே..."

"யோவ் மயில்வாகனா! நிறுத்துய்யா வண்டியை!"

க்ரீஈஈஈச்ச்! பிரேக்கு. பொண்டாட்டி வாயில தன் பேரைக் கேட்ட அதிர்ச்சியிலயே கால் அமுக்கிருச்சு. முன் டயரு தண்ணியைத் தொடல. அவன் கண்ணு முன்னாடியே பாலத்தோட நடுத்துண்டு, தொபுக்கடீர்!

லாரியைக் குறுக்க போட்டு, வர்ற வண்டியெல்லாம் நிறுத்தி, சுத்து வழியா வீடு வந்து சேந்தான். தெருவே வாசல்ல. பெரியாத்தா இப்போ பல் செட்டு மாட்டிக்கிட்டு ஜம்முனு நிக்கறா: "பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னு எவடி சொன்னது?"

"நீங்கதானுங்கத்தை."

"நானா? இருக்காது. ஏறுமுனுதான் சொல்லியிருப்பேன். இன்னொருக்கா சொல்லு, இன்னும் ஏறட்டும்!"

அதுல இருந்து பருவதம் நிறுத்துவாளா? "மயில்வாகனா, காபி!" "மயில்வாகனா, கருவேப்பிலை!" இத்தனை வருசம் சொல்லாம மிச்சம் வெச்ச பேரையெல்லாம் ஒரே வாரத்துல சொல்லித் தீத்தா. தெருவுல இருக்கற பொண்டாட்டிங்க எல்லாம், "ஏ செங்கோடா!", "ஏ ரத்தினம்!"னு கூப்பிட, ஆம்பளைங்க ஒருத்தனும் சாகல, எல்லாரும் ஓடி ஓடி வேலை செஞ்சாங்க.

பாலம் விழுந்த அன்னிக்கு சாயங்காலமே கோகிலா, வேலை பாக்கற ஊர்ல இருந்து வீடியோல கூப்பிட்டா. பருவதம் போனைச் சொம்புல சாத்தி வெச்சுட்டு, ரெண்டு கையையும் பின்னால விரிச்சா, கழுத்தை வெட்டுனா, ஜம்முனு ஒரு குதி! இந்தப் போனுக்குத்தான் கண்ணு இருக்கே! கோகிலா அந்தப் பக்கம் கை தட்டறா, அவ பக்கத்துல யாரு? சீர்த்தட்டு வேலுச்சாமி மாமா, லீவுல பாக்க வந்தவரு, அவரும் கை தட்டறாரு.

ம்...

‘ம்’ தேஞ்சு போச்சு. மயிலு ஆடி முடிச்சுது, கதை போனை வெச்சுது, தூக்கம் லைன்ல வந்துருச்சு. பேசிட்டு இரு மாப்ளே, காலையில எழுப்பறேன்.